பி.பி. இறங்க ஒரு பார்க்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. நடக்கறது.

முந்தின நாள் அரியலூர்ல டாக்டர் என் கைல பட்டையைச் சுத்தி, புஸ் புஸ்னு அமுக்கிப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினாரு.

"பிரஷர் ஏறிக் கெடக்குய்யா. மாத்திரை மட்டும் போதாது. காலைல பச்சைப் பசேல்னு மரஞ்செடி இருக்கற எடமாப் பாத்து நடங்க. மனசு அமைதியானா பிரஷர் எறங்கும், இதயத்துக்கும் நல்லது."

"பச்சைக்கு எங்க சார் போறது?"

ஜோக்கு இல்லைங்க. சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுல எங்க வூடு. எங்க தெரு வேப்பமரம் மழை பேஞ்ச மறுநாள் மட்டும்தான் பச்சையா இருக்கும். மத்த நாளெல்லாம் பவுடர் பூசிக்கிட்டுக் கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரியே நிக்கும்.

வூட்டுக்காரி மல்லிகாதான் வழி சொன்னா. "ஏங்க, உங்க சிமெண்ட் ஃபேக்டரி ஆபீசருங்க குவார்ட்டர்ஸ்ல பார்க் இருக்காமே? ஊட்டி மாதிரி இருக்குமாம்!"

"அது ஆபீசருங்களுக்குடி. நான் எடை மேடையில லாரி எடை பாக்கற கிளார்க்கு."

"உங்க ரத்தத்துக்கு அதெல்லாம் தெரியுமா? போயிட்டு வாங்க."

போனேன்.

கேட்ல வாட்ச்மேன் கையை நீட்டி மறிச்சாரு. "யாரு? என்ன வேணும்?"

"பார்க்குக்கு..."

முடிக்க விடலை மனுசன். "ஓ, கான்ட்ராக்டர் அனுப்புன தோட்டக்காரனா? நேத்தே வருவேன்னாங்களே! உள்ள போ, போ!"

இல்லைன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். உள்ள மரநெழல் தெரிஞ்சுது. வாயை மூடிக்கிட்டேன்.

ஆஹா! என்னா குளுமை! இலையெல்லாம் இலை கலர்லயே இருந்துச்சு! கையை வீசி ஒரு சுத்து வந்தேன். நெஞ்சு லேசாயிட்ட மாதிரியே ஒரு இது.

"ஏம்ப்பா! வேலை பாக்க வந்தியா, ஊர்வலம் வந்தியா?"

திரும்பினேன். ஒரு அம்மா, கைல பெரிய கத்தரியோட நின்னாங்க. "இந்தச் செடி வேலியை ஒரே மட்டமா வெட்டு. நான் காப்பி குடிச்சுட்டு வந்து பாப்பேன்."

வெட்டினேன். வலது பக்கம் கொஞ்சம் எறங்கிடுச்சு. சரின்னு இடது பக்கத்தை எறக்கினேன். அது ஓவரா எறங்கிடுச்சு. மறுபடி வலது. மறுபடி இடது. இடுப்பு ஒசரம் நின்ன வேலி முழங்காலுக்கு வந்துடுச்சு!

அந்தம்மா வந்தாங்க. பாத்தாங்க.

"அடப்பாவி! எங்கடா என் வேலி? என்னங்க! இங்க வந்து இந்த அநியாயத்தைப் பாருங்க!"

கேன்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு ஒருத்தர் ஓடி வந்தாரு. எங்க மேனேஜர்!

டாக்டர் மட்டும் அப்ப என் பி.பி.யைப் பாத்திருந்தா மெஷினு ஒடஞ்சிருக்கும்.

"நீ... எடை மேடை சேகர்தானே? இங்க என்னய்யா பண்றே?"

"பிரஷர் சார். அரியலூர் டாக்டர் பச்சையைப் பாத்துக்கிட்டு நடக்கச் சொன்னாரு."

"பாக்கத்தானேய்யா சொன்னாரு? ஏன்யா வெட்டினே?"

வேலை போச்சுன்னு நின்னேன். மேனேஜர் திடீர்னு சிரிச்சாரு பாருங்க!

"எனக்கும் பிரஷர்தான்யா. நானும் அதே டாக்டர்கிட்டதான் காட்டறேன். தனியா நடக்க போரடிக்குது. நாளைலேருந்து நீயும் வந்துடு."

அந்தம்மா மொறைச்சாங்க. நான் கத்தரியைக் கீழ வெச்சுட்டுக் கும்புடு போட்டேன். ஆபீசர் பார்க்குல நமக்கு அனுமதி! மல்லிகா தெருவெல்லாம் சொல்லிட்டா.

மறுநாள் மொத மரம் தாண்டறதுக்குள்ள மேனேஜர் ஆரம்பிச்சாரு.

"சேகர், மூணாம் நம்பர் லாரி எடை ஏன்யா இடிக்குது?"

"பாக்கறேன் சார்."

"அடுத்த மாசம் ஆடிட் வருது. உங்க செக்‌ஷன் மேலதான் எல்லாருக்கும் கண்ணு."

"சரிங்க சார்."

"யாரையாச்சும் மாத்தியே ஆகணும்ங்கறாங்க. யாருன்னு இப்ப சொல்ல மாட்டேன்."

மரத்துல குயில் கூவிச்சு. எனக்கு லாரி ஹாரன் மாதிரி கேட்டுச்சு.

தெனமும் இதே கதை. அவரு மனசுல உள்ளதையெல்லாம் என் தலையில எறக்கிட்டு, விசிலடிச்சுக்கிட்டு வூட்டுக்குப் போவாரு. நான் சொமையோட சைக்கிள் மிதிப்பேன்.

மாசம் முடிஞ்சு டாக்டர்கிட்ட போனேன். பட்டை. புஸ் புஸ். அவரு முகம் மாறிடுச்சு.

"என்னய்யா, முன்னைக்கு இன்னும் ஏறியிருக்கு! நடக்கலையா?"

"தெனமும் நடக்கறேன் சார், ஜிலுஜிலுன்னு பார்க்குல. எங்க சிமெண்ட் ஃபேக்டரி மேனேஜரோட."

டாக்டர் முகம் மலர்ந்துச்சு. "அவரா! காலைலதான் வந்துட்டுப் போனாரு. அவருக்கு ஜம்முனு எறங்கிடுச்சே!"

பார்க் நல்லாத்தான் வேலை செய்யுது மக்களே, பேசிக்கிட்டு நடக்கறவங்களுக்கு.