கிடாவிடம் சம்மதம் கேட்டோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் கிடா என்ன நினைத்தது என்பதெல்லாம் சொந்தக்காரர்கள் சொல்லிக் கேட்டது. நான் நேரில் விசாரிக்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்தால் குலசாமிக்குக் கிடா வெட்டுவதாக அம்மா நேர்ந்திருந்தார். கிடைத்துவிட்டது. கிடாவைத் திருமங்கலத்தில் வாங்கி, டி. கல்லுப்பட்டி பக்கமிருக்கும் கோயிலுக்குக் கொண்டுவருவது என் வேலை. லோடு ஆட்டோவில் பின்னால் நானும் அதுவும்.

கோயிலில் மாலை போட்டு, பூசாரி மஞ்சத்தண்ணி ஊற்றினார். கிடா உடம்பை உலுக்கினால் சம்மதம். அப்புறம்தான் வெட்டு. எங்கள் ஆட்கள் அவ்வளவு நாகரிகமானவர்கள். என் அக்காவிடம் கல்யாணத்துக்கு முன் யாரும் இந்த அளவுக்குக் கேட்கவில்லை.

கிடா உலுக்கவில்லை.

இன்னொரு சொம்பு. காதில் ஊற்றினார்கள், முதுகில் ஊற்றினார்கள். சிலை மாதிரி நின்றது.

அதற்குக் கோபம் என்றார் ஒருவர். ஆட்டோவில் ஏற்றியது பிடிக்கவில்லை என்றார் இன்னொருவர். நேற்றுவரை கிலோ கணக்கில் பார்த்த கிடாவுக்கு இன்று ஆளாளுக்கு மனசு கண்டுபிடித்தார்கள். சாமி ஏற்கவில்லை, பிள்ளைக்கு வேலை நிலைக்காது என்று அம்மா அழ ஆரம்பித்தார். எனக்கு ஆறு மாதம்கூட ஆகாத வேலை.

மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மாப்ள, வழியில அதுகிட்ட எதுவும் சொன்னியா?"

எனக்குப் பொய் வராது. "மன்னிச்சுக்கன்னு சொன்னேன் மாமா."

"எதுக்குன்னும் சொன்னியா?"

"ம். விளக்கமா."

"இம்புட்டு படிச்சிருக்க. வெட்டப் போறோம்னு அதுகிட்டயேவாடா சொல்லுவ?"

பேசிக் கெடுத்தவனே பேசிச் சரிசெய்ய வேண்டும் என்று முடிவானது. குனிந்து அதன் காதில், உனக்கு எது இஷ்டமோ அதைச் செய் என்றேன். அந்த நேரம் பார்த்துப் பூசாரி குடத்தைச் சாய்த்தார். மொத்தமும் என் முதுகில். கிணற்றுத் தண்ணீர். தலையிலிருந்து கால்வரை ஓர் உலுக்கு உலுக்கினேன்.

பூசாரி என்னையும் அரிவாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உத்தரவு கெடைச்சிருச்சு," என்றார் மாமா. "ஆளுதான் மாறிப்போச்சு."

அம்மாவே சிரித்துவிட்டார். கிடாவை உயிரோடு கோயிலுக்கு விட்டாலும் வேண்டுதல் செல்லும் என்றார் பூசாரி. பந்திக்கு அவசரமாகப் பிராய்லர் கோழி வந்தது. கோழிகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு கே.கே. நகரில் ஒரு கால்நடை டாக்டரிடம் விசாரித்தேன். ஆடு உலுக்குவது தண்ணீரை உதறத்தானாம். உலுக்காமல் நின்றால், பயத்தில் உறைந்துபோயிருக்குமாம்.