ஏழாம் மாடி இப்ராஹிமுக்குக் குணமாகவில்லை

ஜார்ஜ்டவுன்,
வெள்ளிக்கிழமை காலை

வீட்டு நோயாளர் பராமரிப்புச் சங்கப் பொறுப்பாளர், அன்பு மகள் சாந்தினி அவர்களுக்கு, ஏழாம் மாடி இப்ராஹிம் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நீங்கள் நலமாக இருப்பீர்கள். நான் நலமாக இல்லை. இந்த இடத்தை அடிக்கோடிட்டு வாசிக்கவும்.

நேற்று நீங்கள் படிவத்தோடு வந்து, எனக்குக் குணமாகிவிட்டது, இனிமேல் உங்கள் சங்கத்துப் பிள்ளை ஃபஸீலா என்னைப் பார்த்துக்கொள்ள வரத் தேவையில்லை என்று எழுதிக்கொண்டு போனீர்கள். அந்தப் படிவம் முழுப் பொய். 'தானே நடக்கிறார்' என்று போட்டிருக்கிறீர்கள். நான் எங்கே நடந்தேன்? ஸ்ட்ரோக் வந்தவன் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி, விடிந்ததிலிருந்து ஒத்திகை பார்த்து, சோபாவில் சாய்ந்துதான் கிடந்தேன். அந்த நேரம் பார்த்து அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி ஆடியது. சூலியா தெருக் கடையில் முப்பத்தெட்டு வருஷம் டீ ஆற்றியவன் நான்; அந்தச் சத்தத்துக்கு என் கால்கள் எழுந்து போயின, கூடவே நானும் போகும்படி ஆயிற்று, அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் ஃபஸீலா டீயைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருக்கிறது! வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கரண்டி டீயா? குவளையைப் பிடுங்கி நானே ஆற்றினேன். ஸ்ட்ரோக் அடித்த வலது கைதான், மறுக்கவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை, நீங்களும் இரண்டு குவளை குடித்தீர்கள். ஆனால் அது தொழில் பழக்கம். உடல்நலத்தில் சேராது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மகளே. என் மனைவி மௌத்தான பிறகு என்னைத் திட்ட ஆளில்லை. மகனுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை ஊரில் ஃபேக்டரி வேலை. போனில் மரியாதையாகத்தான் பேசுவான். இந்தப் பிள்ளை வந்த முதல் நாளே, "பெலான் பெலான் லா மாமா, மெதுவா! வலது கால மொதல்ல வைங்க. கட்டில் எங்கயும் ஓடிப் போவாது," என்று அதட்டியது. அன்றைக்குத்தான் எனக்குப் பிழைக்க ஆசை வந்தது. அது வருகிற திங்களும் வியாழனும் போய்விட்டால் வாரத்தில் எனக்கு வேறு கிழமையே கிடையாது. ஆகவே அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டு, இப்ராஹிம் படுத்த படுக்கை என்று புதிதாக எழுதவும். கையெழுத்துப் போட நானே ஆபீசுக்கு வருகிறேன்.

உங்கள் கைகால்கள் கடைசிவரை உங்கள் சொல் கேட்கத் துவா செய்யும்,
இப்ராஹிம்

பி.கு.: ஸ்டாம்ப் வாங்கக் கீழே போனேன். லிஃப்டில் மூன்றாம் மாடிக் கமாலின் மனைவி. ஜுரு ஊர்ப் பட்டறையில் கார் பழுது பார்த்த கமாலுக்கும் ஸ்ட்ரோக், நான்கு மாதமாகக் கட்டிலைவிட்டு எழவில்லை. "சங்கத்துல பேர் குடுத்திருக்கோம்ண்ணே. யாருக்காவது கொணமானாத்தான் எடம் வருமாம்," என்றது. அப்புறம் என் காலைப் பார்த்து, "நீங்க நல்லா நடக்குறீங்களே!" என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டது. எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடவும். படிவம் சரி. எனக்குக் குணமாகிவிட்டது. ஃபஸீலாவைக் கமாலிடம் அனுப்புங்கள். திங்களும் வியாழனும் நானும் மூன்றாம் மாடிக்கு இறங்கி வந்துவிடுவேன், டீ என் பொறுப்பு. கமாலை எனக்குத் தெரியும், பிடிவாதக்காரன். அவனைத் திட்ட ஓர் ஆள் போதாது.