தாம்பூலப் பையில் எலுமிச்சைக் கன்று

எதிலுமே பாதி தெரிந்த ஆளை நம்பிக் கல்யாண வேலையை ஒப்படைக்கக் கூடாது. ஒன்றுமே தெரியாதவன் பக்கத்தில் யாரையாவது கேட்டுச் செய்வான். பாதி தெரிந்தவன் மற்றவர்களுக்கு வகுப்பெடுப்பான். என் தங்கை பவித்ராவின் கல்யாணத்தில் அந்தப் பாதி தெரிந்தவன் நான்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்த்தேன். இரும்பில் முடியளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். (இதை என் சொந்தக்காரர்கள் பிற்பாடு எத்தனை முறை சொல்லிக் காட்டினார்கள் என்று கேட்காதீர்கள்.) ஓய்வு நேரமெல்லாம் போனில் பட்டாம்பூச்சித் தோட்ட வீடியோ. பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி தேன் குடித்துவிட்டுப் போய்விடும். முட்டை போட ஏற்ற இலையும் இருந்தால்தான் குடியிருக்கும் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, வீட்டில் யாரையும் நிம்மதியாகச் சோறு தின்ன விடவில்லை.

தாம்பூலப் பையில் வழக்கம்போலத் தேங்காய் போடலாம் என்றார் நைனா. ஊரெல்லாம் தேங்காய்தான் கொடுக்கிறது, நாம் பட்டாம்பூச்சி வரும் செடி கொடுப்போம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். எருக்குகூட என் பட்டியலில் இருந்தது. கல்யாண வீட்டில் எருக்கா என்று அம்மா கரண்டியோடு வந்ததால் அது நீங்கியது.

நர்சரிக்காரர் குரோட்டன்ஸையும் அடுக்கு ரோஜாவையும் காட்டினார். அடுக்கடுக்காக இதழ் இருந்தால் தேனீ எப்படி உள்ளே போகும் என்று அவருக்கும் ஒரு வகுப்பு எடுத்தேன். கடைசியில் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நூறு நூறு, தேனீக்குத் துளசி ஐம்பது என்று முடிவானது. கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார் அவர். கேட்டேனா? செடிகள் நம் வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும் என்று மூன்று வாரம் முன்பே குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் நாளே கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டாம்பூச்சிகள் வந்து இலை இலையாக உட்கார்ந்தன. படம் எடுத்து, 'மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு முன்னாடி இவங்க வந்துட்டாங்க' என்று ஸ்டேட்டஸ் போட்டேன். எதற்காக வந்தன என்று யோசிக்கவில்லை. இத்தனைக்கும் முட்டை விஷயத்தை ஊருக்கே சொன்னவன் நான்.

ஒரு வாரம் போனதும் இலைமேல் கறுப்பு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அம்மா காட்டினாள். எட்டிப் பார்த்து, குருவி எச்சம், நல்ல உரம் என்றேன். நைனா நெல்லுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டே வந்து நின்றார். இந்தச் செடிமேல் ஒரு சொட்டு மருந்து விழக்கூடாது என்று தடுத்துவிட்டேன். கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

அந்த எச்சத்துக்கு உயிர் இருந்தது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு குட்டியாக இருக்கும்போது, குருவி தின்றுவிடாமலிருக்க எச்சம் மாதிரியே வேஷம் போடுமாம். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். குருவிக்காகப் போட்ட வேஷத்தில் நான் ஏமாந்தேன்.

கடைசி நாலு நாள் பத்திரிகை, பந்தி என்று அலைந்ததில் செடிப் பக்கமே போகவில்லை. கல்யாணத்தன்று காலை கவரைப்பேட்டை மண்டபத்தில் கம்பெனி நண்பர்கள் அவசர அவசரமாகக் கன்றுகளைப் பையில் போட்டார்கள். கொஞ்சம் செடியில் குச்சி மட்டும்தான் இருக்கிறது என்றான் ஒருவன். வெயிலுக்கு உதிர்ந்திருக்கும், மூடி வை என்றேன்.

இங்கே தனலட்சுமி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா. தங்கள் ஊர் திருவாலங்காட்டில் கல்யாணம் வைக்காமல் எங்கள் பக்கம் வைத்ததில் அவருக்கு வருத்தம். இரண்டு மாதமாகத் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, சிரிக்கவுமில்லை. இந்த வீட்டில் எப்படி அண்ணா இருக்கப் போறேன் என்று பவித்ரா என்னிடம் தனியாகக் கேட்டிருந்தாள். ஒரு நல்ல தாம்பூலத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். உண்மையிலேயே நம்பினேன்.

சாப்பாடு முடிந்ததும் மைக்கை வாங்கி, இந்தச் செடி உங்கள் வீட்டுக்குப் பட்டாம்பூச்சியைக் கூட்டி வரும் என்று பேசி, முதல் பையை அத்தையிடம் இரண்டு கையாலும் கொடுத்தேன். நண்பர்கள் மற்றப் பைகளை வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனார்கள். அத்தை கன்றை வெளியே எடுத்துப் பார்த்தார். சுண்டு விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு தலையைத் தூக்கியது. தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்புக் கொம்பு நீண்டது. அழுகிய பழம் மாதிரி ஒரு நாற்றம். பிறகு அது அவருடைய புதுப் பட்டுப்புடவை முந்தானையில் விழுந்து, தோளைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

அத்தை கத்தவில்லை. புழுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, உயிரோட குடுக்கற?"

மைக் என் கக்கத்தில்தான் இருந்தது, அணைக்காமல். மண்டபம் முழுக்கக் கேட்டது. அடுத்த நிமிடம் எல்லோரும் தங்கள் பையைத் திறந்தார்கள். பெரியவர்கள் பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். பிள்ளைகள் எல்லாப் பையையும் கவிழ்த்து யாருடையது பெரியது என்று அளந்தார்கள். நைனா ஒரு ஓரமாக உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் அத்தையின் தோளிலிருந்து புழுவை எடுத்தேன். எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேடையில் பவித்ரா முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். தோள் குலுங்கியது. தங்கையின் வாழ்க்கையை நூறு எலுமிச்சைக் கன்றால் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அத்தை மேடையேறிப் போய் அவள் முதுகைத் தடவினார்.

"அழாதம்மா. புழு தானே. உங்க அண்ணன் வேணும்னா செஞ்சுது?"

பவித்ரா நிமிர்ந்தாள். கண்ணில் மை கரைந்து வழிந்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பேச முடியாமல் என் சட்டைப் பையைக் கை காட்டினாள். அதற்குள்ளிருந்து அந்தப் புழு, கொம்பும் அதுவுமாக, என் தாடையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. அத்தை ஒரு கணம் உதட்டை இறுக்கிப் பார்த்தார். முடியவில்லை. மருமகள் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். இரண்டு மாதத்தில் அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று பவித்ரா என்னிடம் கேட்டதே இல்லை.

போன வருடம் பவித்ராவின் மகளுக்குக் காது குத்தினார்கள். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுபோக வேண்டும். அத்தையே போன் செய்து அழைத்தார்.

"எல்லாரையும் கூட்டிக்கினு வா தம்பி. நீ மட்டும் கையில ஒண்ணும் கொண்டாராத."

நான் கேட்கவில்லை. பதினோரு தட்டோடு போனேன். அத்தை வாசலிலேயே நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆப்பிள், ஆரஞ்சு, வாழைச்சீப்பு என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொத்தக் கூட்டமும் காத்திருந்தது. பதினோராவது தட்டையும் பார்த்து முடித்ததும்தான், சரி, உள்ளே வா என்றார்.