ஜம்பு ரப்பர் கம்பெனியின் இடர் மேலாண்மை

செயற்கை நுண்ணறிவின் ஆபத்துகளைப் பற்றி உலகம் கவலைப்படுவதை உடனே நிறுத்திக்கொள்ளலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரி திரும்ப முடியாத ஒரு சந்தின் கோடியில், பம்புகளுக்கு வாஷர் செய்யும் ஜம்பு ரப்பர் கம்பெனி அவற்றை அடியோடு ஒழித்துவிட்டது. அக்கம்பெனியின் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துவந்தவனும், அதன் இடர் மேலாண்மைக் குழுச் செயலாளருமான ரகுநாதன் ஆகிய நான் இதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வாடிக்கையாளர்களுக்கு இனி ஏ.ஐ. பதில் எழுதும் என்று முடிவு செய்தவர் முதலாளியின் மருமகன் கிரண். மனிதன் எழுதினால் 'மனிதத் தவறு' வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. எனக்குப் பொன்னாடை போர்த்திப் பேனாவை வாங்கிக்கொண்டார்கள். கம்பெனியில் இனி எவரும் கையால் கடிதம் எழுதக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். அதைக் கையால் எழுதியவன் நான்தான்.

ஆனால் கிரண் பொறுப்பில்லாதவர் அல்லர். 'மனித மேற்பார்வை' கட்டாயம் என்றார். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வேலைக்கு வரும் கார்த்திகா மேற்பார்வையாளர் ஆனாள். ஏ.ஐ. எழுதும் பதில் முதலில் அவள் திரைக்கு வரும். 'அனுப்பு', 'நிறுத்து' என்று இரண்டு பொத்தான்கள். பத்து நிமிடம் அவள் எதையும் அழுத்தாவிட்டால் பதில் தானாகவே போய்விடும்.

"தானா போயிடும்னா நான் எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"ரெஸ்பான்ஸிபிலிட்டிக்கு," என்றார் கிரண்.

ஒரு பதவியை இவ்வளவு சுருக்கமாக விளக்கி நான் கேட்டதில்லை.

ஆயுத பூஜை வந்தது. பிரஸ் மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். புதிதாகச் சேர்ந்த ஏ.ஐ.க்கு மரியாதையாக அதன் கணினிக்கு, அதாவது கார்த்திகாவின் திரைக்கு, மாலையும் விழுந்தது. எரிகிற திரையை அணைப்பது அபசகுனம் என்று முதலாளி ஜம்புலிங்கம் சொல்லிவிட்டதால் அது பூஜையிலிருந்தபடியே வேலையும் செய்தது. பொரிப் பொட்டலம் கைமாறிக்கொண்டிருந்தபோது துபாய் வாடிக்கையாளர் ஒருவர் கேள்வி அனுப்பினார். உங்கள் வாஷர் கொதிநீர் தாங்குமா? ஏ.ஐ. எழுதியது: 'எந்தச் சூட்டையும் தாங்கும். பத்தாண்டு உத்தரவாதம்.'

குங்குமத்தைத் தாண்டி அதைப் படித்துவிட்டாள் கார்த்திகா. "சார், இது தப்பு. நம்ம வாஷர் வெந்நீர்ல இளகிடும். நிறுத்தட்டா?"

"இன்னாம்மா நீ, பூஜைல கீறதப் போயி தொடுறேன்றே," என்றார் ஜம்புலிங்கம். "நாளைக்கி மறுபூஜை போட்டுட்டு எடுத்துக்கலாம். அது எங்க ஓடிடப் போவுது?"

பத்தாவது நிமிடம் அது துபாய்க்கு ஓடியது. அந்நேரம் வாசலில் முதலாளி திருஷ்டிப் பூசணிக்காயை உடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கார்த்திகா மறுபடியும் சொன்னாள். அதற்குள் பெரிய ஆர்டர் வந்திருந்தது. "பாத்தியா, பூஜ வேல செய்யுது," என்று முதலாளி அவள் வாயில் லட்டை வைத்தார்.

போன சரக்கு முழுவதும் திரும்பி வந்தது, அல்வா பதத்தில்.

இடர் மேலாண்மைக் குழு அவசரமாகக் கூடியது.

"மேற்பார்வை யாரு?" என்றார் கிரண்.

"நிறுத்தட்டான்னு கேட்டேன் சார். முதலாளிதான் தொடாதேன்னாரு."

"நான் சொன்னா?" என்றார் ஜம்புலிங்கம். "நீ இன்னா கொயந்தயா? ரெஸ்பான்ஸிபிலிட்டி நீயா, நானா?"

கார்த்திகாவின் அப்பா ஆவடி அரசுத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இனி அந்த வீட்டுக்கு வரும் சம்பளம் இவளுடையது ஒன்றுதான். இது கம்பெனியின் இடர் அல்ல என்பதால் குழு இதை விவாதிக்கவில்லை.

வேலைநீக்கம் முடிவானது. "ஆனா நாமளே பேர் போட்டு எழுதக் கூடாது மாமா, லீகலா சிக்கல்," என்றார் கிரண். "மீட்டிங் மினிட்ஸை அப்படியே ஏ.ஐ.கிட்ட குடுத்து, யார் பொறுப்போ அவங்களுக்கு டிஸ்மிஸ் லெட்டர் போடுன்னு சொல்லிடலாம். நியூட்ரலா இருக்கும்."

மினிட்ஸ் எழுதியவன் நான். யார் பேசியதையும் நான் விட்டுவிடுவதில்லை.

கடிதம், விதிப்படி, மேற்பார்வைக்காகக் கார்த்திகாவின் திரைக்கே வந்தது. தன்னை வேலையை விட்டு அனுப்பும் கடிதத்துக்குத் தானே அனுமதி தரும் உரிமை எத்தனை ஊழியர்களுக்குக் கிடைக்கும்? அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"பெறுநர்: திரு. ஜம்புலிங்கம், உரிமையாளர். ஐயா, தவறான பதிலை நிறுத்த முயன்ற ஊழியரைத் தாங்கள் தடுத்தமையால் தங்களைப் பணியிலிருந்து விடுவிக்கிறோம். சாவியை இன்றே ஒப்படைக்கவும்."

கார்த்திகா நிமிர்ந்தாள். "அனுப்பட்டா சார்? பத்து நிமிஷந்தான் டைம்."

"நிறுத்தும்மா, நிறுத்து."

நிறுத்தினாள். மாலை, குங்குமம் எதுவும் குறுக்கே வரவில்லை.

கிரண் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இதான் மாமா ஏ.ஐ.ல பெரிய ரிஸ்க். இல்லாததெல்லாம் சொல்லும். கண்ண மூடிக்கினு நம்பக் கூடாது."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ரகுநாதா, நீயே கையால ஒண்ணு எழுதிக் குடுத்துடுப்பா."

"மனிதத் தவறு வந்துடுங்க," என்றேன். "தீர்மானம் இருக்கு. பொன்னாடை கூட போட்டீங்க."

எழுத ஆளில்லாததால் கார்த்திகா இன்றும் அதே நாற்காலியில் இருக்கிறாள். இவ்வாறாக எங்கள் கம்பெனியில் மனித மேற்பார்வை முழு வெற்றி பெற்றது. ஏ.ஐ. பொய் சொன்னபோது, தொடாமல், துபாய் வரை வழியனுப்பி வைத்தோம். ஒரே ஒரு முறை அது உண்மை சொன்னது. அறைக் கதவைத் தாண்ட விடாமல் பிடித்துவிட்டோம்.