எம்.எல்.ஏ.வை டெஸ்ட் செய்த சவுண்டு பாய்

எங்கள் எம்.எல்.ஏ. ஆண்டவனுக்குப் பயந்தாரோ இல்லையோ, சவுண்டு பாய்க்குப் பயந்தார். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் எங்கள் கடைமடை முழுக்க இது தெரிந்த உண்மை.

குவைத்தில் எரிவாயுக் கிணறுகளில் சில வருஷம் உழைத்துத் திரும்பிய பாய், பெட்டி பெட்டியாகத் துணியும் சென்ட்டும் கொண்டுவருவார் என்று சொந்தபந்தம் காத்திருந்தது. அவர் கொண்டுவந்தது ஒரு டேப்ரெக்கார்டர். பிள்ளையைப் படுக்கவைக்கலாம், அத்தனை பெரிசு. அதை வைத்தே மைக்செட் கடை போட்டார். கல்யாணம், தர்கா கந்தூரி, மாதா கோவில் தேர் எல்லாவற்றுக்கும் அவர்தான். ஆனால் வீட்டில் அடுப்பெரிந்தது கட்சிக் கூட்டங்களால்.

வம்பும் அங்கேதான். எம்.எல்.ஏ. பேசும்போது பாய் பதிவு செய்வார். எல்லாவற்றையும் அல்ல, கரண்ட், காஸ், கடல் என்று வாயெடுத்தால் மட்டும் பொத்தானை அமுக்குவார்.

“மத்ததெல்லாம் போனா திரும்ப வரும் தம்பி. இதுல தப்புப் பண்ணா வராது” என்பார் என்னிடம்.

ஊர் உலகத்தில் மைக்செட்காரர்கள் “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்பார்கள். பாய் சொல்லமாட்டார். எம்.எல்.ஏ. மேடை ஏறுமுன் அவருடைய பழைய பேச்சைப் போட்டுத்தான் டெஸ்ட் செய்வார். “தெருவுக்குத் தெரு சூரிய விளக்கு!” என்று ஹாரன் முழங்கும். கூட்டம் இருட்டில் உட்கார்ந்து சிரிக்கும்.

“ஏன் பாய் இப்படி மானத்த வாங்குறீங்க?” என்று கட்சிச் செயலாளர் அழாத குறையாகக் கேட்டார்.

“அவங்கவங்க குரல்ல டெஸ்ட் பண்ணாத்தாங்க ட்ரெபிள் சரியா நிக்கும். இது டெக்னிக்கலுங்க.”

ஒரு கல்யாணத்துக்கு எம்.எல்.ஏ. வாழ்த்த வந்தார். பாட்டு சட்டென்று நின்றது. “கடல் தண்ணி வயலுக்குள்ள வராம அலையாத்திக் காடு வளத்தே தீருவேன்!” என்று அவர் குரலே அவரை வரவேற்றது. மனிதர் கைநனைக்காமல் காரேறினார். அவர் இலையில் வைத்த ஜாங்கிரியையும் பாய்தான் சாப்பிட்டார்.

பிறகு, எங்கள் வயல்களில் காஸ் கிணறு தோண்ட ஒரு கம்பெனி வந்தது. முன்பு அதை எதிர்த்து முழங்கிய எம்.எல்.ஏ. இப்போது ஆதரித்துப் பேசப்போகிறார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. செயலாளர் பாயிடம் வந்தார்.

“அந்தக் கேசட்ட வெளிய எடுக்காதீங்க பாய். எடுத்தா இனிமே எந்தக் கட்சி மேடையும் உங்களுக்குக் கெடையாது.”

“டெஸ்ட் பண்ணாம மைக் குடுக்கறதில்லீங்க.”

வெளியூர் மைக்செட் வந்திறங்கியது. ஜெனரேட்டர் வேண்டாம் என்று கட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ‘என் தொகுதியில் மின்வெட்டே கிடையாது’ என்று எம்.எல்.ஏ. பேசியிருந்தார் அல்லவா? அதை நம்பியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

எம்.எல்.ஏ. வணக்கம் சொல்ல வாய் திறந்தார். கரண்ட் போய்விட்டது.

ஊரில் ஜெனரேட்டர் இருந்தது பாயிடம் மட்டும். செயலாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பாயோ, சட்டை மாட்டி, வண்டியில் சாமான் ஏற்றித் தயாராக உட்கார்ந்திருந்தார். வந்தார், வயரை இழுத்தார், வழக்கம்போல டெஸ்ட் செய்தார்.

“நெல்லு வெளையுற பூமியில காஸ் குழா எறக்க வந்தா, மொதல்ல என் நெஞ்சுல எறக்கட்டும்!”

கைதட்டல் அடங்கவே இல்லை. விசில் வேறு. எம்.எல்.ஏ. தன் குரலுக்கு அப்படியொரு வரவேற்பை வாழ்நாளில் பார்த்ததில்லை. கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

“அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும்!” என்றார்.

உள்ளங்கை சிவக்க நானும் தட்டினேன். கிணறு எங்கள் ஊருக்கு வரவில்லை.

செயலாளர் மிரட்டியது போலவே பாய்க்குக் கட்சி மேடைகள் போயின. மற்ற கட்சிகளும், நமக்கும் கேசட் இருக்குமே என்று நைசாக ஒதுங்கிக்கொண்டன. பிழைப்பு கல்யாணம், காதுகுத்தோடு சுருங்கிவிட்டது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“ஒரு குழி நெலங்கூட இல்லாத ஆளு நீங்க. ஒங்களுக்கு எதுக்கு பாய் இந்த வம்பு?”

அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “சோறு திங்கிறேன்ல தம்பி.”

அந்த மனுஷன் எங்கள் ஊர்க்காரர். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வரும், வந்துவிட்டுப் போகட்டும்.