நாற்பது நாள் தனிப்படுக்கை

"தலையணைய எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்று மனைவி சத்தியபாய் கேட்டாள்.

முத்துநாயகம் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வயது அறுபத்திரண்டு; குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம். பிராஸ்டேட் வீக்கத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையால் மூத்திரம் தடையில்லாமல் போனது. ஆனால் கட்டிலில், முடியும் நேரத்தில், ஒரு சொட்டு விந்துகூட வரவில்லை. ஆண்மையே வற்றிப்போனதென்று முடிவு கட்டிவிட்டார். "வேற கஷ்டம் ஏதாவது உண்டா?" என்று டாக்டர் கேட்டபோது பக்கத்தில் நர்ஸ் ஜாஸ்மி நின்றாள், மகளோடு படித்தவள். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டார்.

"ஜெபம்," என்றார் இப்போது. "நாப்பது நாளு. முன்னறையில தனியாத்தான் படுக்கணும்."

சத்தியபாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்ல காரியம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அதை அறிவித்தார்: "நம்ம முத்துநாயகம் அண்ணன் மாம்ச இச்சையை ஜெயிச்சிட்டார்!"

சபையே திரும்பிப் பார்த்தது. மாம்சம்தான் தன்னைத் தோற்கடித்தது என்று யாரிடம் சொல்ல? பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

"ஏட்டி, போதகர்ட்ட எதுக்குச் சொன்ன?" என்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார்.

"நல்லத மறைக்கணுமா?"

பேச்சை அடக்க, கேட்டவர்களிடமெல்லாம், "ரொம்பக் கடினமான ஜெபமாக்கும். உங்களால முடியாது," என்றார். அதுவே வினையாயிற்று. திங்கட்கிழமை மாலை பக்கத்து வீட்டு இஸ்ரவேல் சுருட்டிய பாயோடு வந்து நின்றார்.

"எனக்கும் ஒரு எடம் போடும்வே."

"வீட்டுல சம்மதிச்சாளா?"

"சந்தோசமா அனுப்பி வச்சா," என்றார் இஸ்ரவேல். முகத்தில் சந்தோஷம் இல்லை.

வியாழனுக்குள் முன்னறையில் முத்துநாயகத்தோடு சேர்த்து ஏழு பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

வெள்ளிக்கிழமை மாலை இஸ்ரவேல் கண்ணீரோடு ஜெபித்தார்: "ஆண்டவரே, முத்துநாயகத்தப் போல எங்களையும் பரிசுத்தமாக்கும்."

அதற்கு மேல் முத்துநாயகத்தால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார்.

"மக்கா, நான் கள்ளன். இது ஜெபமில்ல. பிராஸ்டேட்டுக்கு ஒரு மாத்திரை குடிக்கேன். அதுக்குப் பொறவு... பொண்டாட்டி பக்கத்துல படுக்க வெக்கமா இருக்கு. உங்களையும் ஏமாத்திட்டேன்."

ஒருவரும் தலை நிமிரவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். இஸ்ரவேல் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். இதைவிட எழுந்து நாலு அடி அடித்திருக்கலாமே என்றிருந்தது முத்துநாயகத்துக்கு.

அடுக்களைக் கதவு திறந்தது. இஸ்ரவேலின் மனைவி நேசபாய் தட்டோடு வந்தாள். தட்டில் ஏழு தம்ளர் சுடுவெள்ளம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மாத்திரை, ஏழும் ஒரே நிறம்.

"நீங்க ஒளிச்சு வச்ச மாத்திரை அட்டைய எல்லாம் எடுத்துட்டுப் போயி டாக்டர்ட்ட நாங்க ஏழு பொம்பளையாளுவளும் கேட்டு மாசம் ஒண்ணாச்சு, அது மாத்திரை பண்ணுற வேலையாம், பயப்பட ஒண்ணுமில்லியாம்," என்றாள் நேசபாய், "குடிச்சிட்டு அவங்கவங்க வீட்டுல போய்ப் படுங்க!"