ஈரம் படாத படகு

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. கட்டணத்தைக் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்த நிமிஷமே, எந்தத் தொழிலுக்குக் கட்டினார்களோ அந்தத் தொழில் அவர்களுக்கு அத்துப்படியாகிவிடும். வைத்தியருக்கு மருந்து சொல்வார்கள், தையல்காரருக்குக் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள், டிக்கெட் எடுத்த கையோடு பஸ் டிரைவருக்கு எந்த இடத்தில் கியர் மாற்றவேண்டும் என்று பின்சீட்டிலிருந்தே சொல்வார்கள். பார்த்ததில்லையா? கோவில்பட்டி சுந்தரபாண்டியனைப் பாருங்கள்.

தீப்பெட்டி ஆலை அதிபர். லேபிளில் படகுப் படம். லேபிளில் இருப்பது தண்ணீரிலும் ஒன்று வேண்டாமா என்று தொண்ணூற்றெட்டில் நிஜமாகவே ஒரு மரப்படகை வாங்கிவிட்டார். கரிசல் காட்டில் எங்கே விடுவது? தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு படகுத்துறையில், காவலோடு மாதம் முந்நூறு ரூபாய் என்று கட்டிப்போட்டார். துறையைக் கவனிக்கிறவன் செண்பகராஜ்.

முதல் மாதக் கட்டணம் கைமாறியதும் ஞானம் பிறந்தது.

"முந்நூறு ரூவா வாங்குதியே, பொழுதன்னிக்கும் தண்ணிக்குள்ளயே போட்டிருக்கியே. இது என்னடே சர்வீஸ்?"

"படகு தண்ணியிலதான அண்ணாச்சி கெடக்கும்."

முப்பது வருஷமாக ஈரத்தோடு மல்லுக்கட்டியவர் சுந்தரபாண்டியன். வானம் லேசாக மூடினாலே காயப்போட்ட குச்சியை அள்ளிக்கொண்டு அவர் ஆலையே ஓடும். அவருக்கா மரத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது? மேற்கொண்டு நூறு ரூபாய் கொடுத்து, படகைக் கரையேற்றி வெயிலில் காயவைக்கச் சொன்னார்.

"பலகைக்கு நடுவுல இடுக்கு விழுந்துரும் அண்ணாச்சி."

"ரூவா குடுக்குதது நீயா, நானா?"

செண்பகராஜ் படகை மணலில் இழுத்துப்போட்டான்.

சித்திரை வந்தது. சுந்தரபாண்டியன் மகள் முத்துச்செல்வியைத் தன் பையனுக்குப் பெண் பார்த்துவிட்டுப் போன கயத்தாறு பருத்தி வியாபாரி நவநீதகிருஷ்ணன், பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். சொந்தப் படகில் கடலைச் சுற்றிக் காட்டினால் மனுஷன் இறங்கி வருவார் என்று கணக்குப் போட்டு, அவரைத் துறைக்கே கூட்டி வந்துவிட்டார் சுந்தரபாண்டியன்.

"ரெண்டு நாள் தண்ணியில ஊறப்போட்டுட்டு ஏறுங்க. பலகை உப்பினாத்தான் இடுக்கு அடையும்" என்றான் செண்பகராஜ்.

"நானூறு ரூவா குடுத்துக் காயவச்சத, ஊறப்போடவா?"

ஏறினார்கள். கூப்பிடு தூரம் போவதற்குள் செருப்பு மிதந்தது. செண்பகராஜ் தகர டப்பாவால் இறைத்துக்கொண்டே கரைக்குத் திருப்பினான். அவன் இறைத்ததைவிட வந்தது அதிகம். இடுப்பளவு ஆழத்தில் படகு மரியாதையாகத் தரையில் உட்கார்ந்தது. மகள் கல்யாணமும் கூடவே உட்கார்ந்துவிட்டதாகச் சுந்தரபாண்டியனுக்குத் தோன்றியது. வந்தவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தைரியமில்லை.

நவநீதகிருஷ்ணன் மேல்துண்டைப் பிழிந்தார். செண்பகராஜ் பக்கம் திரும்பினார்.

"மணல்லயே வச்சாடே காயப்போட்ட? அடியில கட்டையக் குடுத்துல்லா தூக்கி வைக்கணும். பஞ்சுப் பொதிய நாங்க அப்படித்தான் வைக்கோம். அடிக்காத்து இல்லாமத்தான் இம்புட்டுத் தண்ணி. இதுக்கு நானூறு ரூவாயா?"

சுந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கிவிட்டது. தேடினாலும் கிடைக்கிற சம்பந்தியா? இடுப்புத் தண்ணீரில் நின்றபடியே வைகாசியில் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள்.

சிரித்தது போதும். போன மாதம் தலைவலி என்று போய், "எனக்கு ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று டாக்டருக்கே சொன்னது யார்? ஊசி போட்ட இடம் வீங்கியதும், அவர் கை சரியில்லை என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது யார்? பெயரைச் சொல்லப்போவதில்லை. ஃபீஸ் கொடுத்தவருக்குத் தெரியும்.